பழிப்புக் காட்டுதல்

அது உதட்டைச் சப்பியது. சத்தமே வராமல், வேகவேகமாக, வெற்றிலை போட்ட கிழவி வாயைக் கூட்டுகிற மாதிரி ஓர் அசைவு. கம்பிக்கூட்டின் பின்பக்கத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு இருந்தது அந்தக் குரங்கு. கண் எங்களைப் பார்க்கும், உடனே விலகும், மறுபடி பார்க்கும். கூட்டுக்குள் வைத்த பப்பாசித் துண்டு தொடப்படாமல் கிடந்து ஈ மொய்த்தது. மாமா குனிந்து பார்த்துவிட்டு, “பாத்தியா மனே, பழிப்புக் காட்டுது” என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பொடியன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 2024இல், படுவான்கரையில், மண்டூருக்கு உள்ளே மாமாவின் தென்னந்தோட்டத்தில் நடந்தது இவ்வளவுதான். எழுதுவதற்கு இதில் ஒன்றுமில்லை என்று பல மாதம் இருந்துவிட்டேன். ஆனால் என்னுடைய அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கிய செத்தல் மீன் முள்ளைப்போல நின்றுவிட்டது. வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கினால் முள் இறங்கிவிடும் என்பார்கள். விழுங்கிப் பார்த்தாயிற்று.

கல்லடியிலிருந்து போகிறவன் குருமண்வெளியில் இறங்கி, பாதையில் ஏறி வாவியைக் கடந்தால் மண்டூர். வண்டியும் ஆளுமாய் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகிற அந்த மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயர் வைத்தவர்களை எனக்குப் பிடிக்கும். தண்ணீருக்கு மேல் போடமுடியாத பாதையையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பக்கம் எழுவான், அந்தப் பக்கம் படுவான். இந்தப் பக்கத்து மனிதனுக்குக் குரங்கு என்பது கோயில் மரத்தில் இருப்பது. அந்தப் பக்கத்து மனிதனுக்கு அது காலை ஆறு மணிக்கே தகரத்தில் குதிப்பது, ஓட்டைப் புரட்டுவது, குரும்பையைத் திருகிப் போடுவது, கச்சான் செடியை வேரோடு பிடுங்கி இரண்டு பருப்பைக் கடித்துவிட்டு எறிவது. மாமா தன் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் சொப்பிங் பையைக் கட்டி வைத்திருப்பார். கட்டாவிட்டால் கடுவன் ஒன்று வந்து கண்ணாடிக்குள் நிற்கிற கடுவனோடு சண்டை போடும். வயலுக்கு யானை, தோட்டத்துக்குக் குரங்கு. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: “யானைக்குப் பசி. இதுக்குப் புத்தி.”

அந்தப் புத்தியைப் பற்றி மாமாவிடம் ஒரு முழுச் சாத்திரமே உண்டு. பெண்கள் மட்டும் நிற்கிற வளவுக்குள் அவை பயமில்லாமல் இறங்கும். கையில் தடி இருந்தால் ஒரு தூரம், கவண் இருந்தால் அதைவிடத் தூரம், துவக்கு என்றால் கண்ணிலேயே படாது. துவக்கைப்போலப் பிடித்த தென்னை மட்டைக்கு முதல் நாள் ஏமாறும், மூன்றாம் நாள் அந்த மட்டையிலேயே ஏறி இருக்கும். இரண்டு பேர் தோட்டத்துக்குள் போய் ஒருவர் திரும்பி வந்தால், மற்றவர் உள்ளே ஒளித்திருக்கிறார் என்று அதற்குத் தெரியும். யானைவெடி கொளுத்தினால் ஓடுவதில்லை, திரி எரிந்து முடிகிற அளவுக்குப் பொறுத்து, காதைத் திருப்பிக்கொள்ளும். இதில் எத்தனை உண்மை, எத்தனை கோபம் சேர்த்த உப்பு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. எனக்கு உறுத்தியது வேறு. மாமா அதன் புத்தியை ஒருபோதும் சந்தேகிக்கவில்லை. குரங்குக்கு மனம் உண்டா என்று அவரிடம் கேட்டால் கேட்டவனுக்குத்தான் மனம் சரியில்லை என்று நினைப்பார். ஒவ்வொரு வசனமும் ஒரே இடத்தில் வந்து முடியும்: “எல்லாம் தெரிஞ்சுதான் செய்யிது.” அவர் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அது குற்றப்பத்திரிகை.

உலகத்தின் வேறு மூலைகளில் இதே வசனம் தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறது. ஜேன் குடால் 1960இல் தங்கனீக்கா ஏரிக்கரையில், கோம்பேயில், ஒரு சிம்பன்சி புல்லுத்தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டு இழுத்து நக்கியதைக் கண்டார். கருவி செய்கிறவன் மனிதன் மட்டுமே என்ற நிச்சயம் அந்தத் தண்டோடு ஆட்டம் கண்டது. அதற்குப் பிறகு அறுபது வருடமாக, அவற்றுக்கு நினைவு உண்டு, துக்கம் உண்டு, சூழ்ச்சி உண்டு, சமாதானம் உண்டு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள், வழக்கறிஞர் சாட்சிப் பொருளை வைப்பதுபோல. 1993இல் பவோலா கவலியேரியும் பீட்டர் சிங்கரும் பெருங்குரங்குத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங் உட்டான் ஆகியவற்றுக்கு உயிர்வாழும் உரிமையும் தனிச் சுதந்திரமும் சித்திரவதைக்கு உள்ளாகாத உரிமையும் வேண்டும் என்றார்கள். 2016இல் ஆர்ஜென்டினாவின் மெண்டோசாவில் ஒரு நீதிபதி, துணையெல்லாம் செத்துத் தனியாகக் கூண்டில் இருந்த செசிலியா என்ற சிம்பன்சிக்கு ஆட்கொணர்வு மனுவில் விடுதலை கொடுத்தார். அடுத்த வருடம் அது பிரேசிலில் ஒரு சரணாலயத்துக்குப் போனது. செசிலியாவின் தீர்ப்புக்கு இரண்டு வருடம் முன்பு நியூயோர்க்கில் டொமி என்ற சிம்பன்சிக்காகப் போட்ட வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டக் கடமைகளைச் சுமக்க முடியாத ஒன்றுக்குச் சட்ட உரிமையும் கிடையாது என்பது காரணம். அதை வாசித்தபோது எனக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஞாபகம் வந்தது. அந்தக் கோயிற் கதையில் அனுமன் வருகிறான். எங்கள் நினைவில் கடமையைச் சுமந்த குரங்கு அவன் ஒருவன்தான். அவனுக்குக் கோயில் உண்டு, வடைமாலை உண்டு. கடமை இல்லாத மற்றவைக்கு யானைவெடி. நியூயோர்க் நீதிபதிகளும் எங்கள் ஊரவரும் ஒரே சட்டத்தைத்தான் படித்திருக்கிறார்கள்போல.

தமிழில் இவற்றுக்கு நாம் வைத்த பெயர் ‘மனிதக் குரங்கு’. யோசித்தால் அந்தப் பெயருக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது. முன்னால் ஒரு மனிதன் நிற்கிறான், அவனைப் பிடித்துக்கொண்டு பின்னால் குரங்கு. எவ்வளவு தூரம் நம்மை ஒத்திருக்கிறதோ அவ்வளவு தூரம் உள்ளே வரலாம். காணிச் சண்டையில் இரவோடிரவாக வேலிக்கட்டையை ஒரு முழம் தள்ளிப் போடுவார்களே, அப்படித்தான் இந்த உரிமை வேலியும் நகர்கிறது. தள்ளிப் போட்டவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டை நடுகிற இடம் எப்போதும் நம் வீட்டிலிருந்து அளந்த இடமாகவே இருக்கிறது. கோர்டன் கலப் 1970இல் செய்த கண்ணாடிச் சோதனை இதற்கு நல்ல உதாரணம். மயக்கத்தில் இருக்கும்போது புருவமேட்டில் சாயம் பூசிவிட்டுக் கண்ணாடியைக் காட்டினால், சிம்பன்சி தன் புருவத்தைத் தொட்டுப் பார்க்கும். அதற்கு ‘நான்’ என்பது தெரிகிறது. வால் உள்ள குரங்குகள் கண்ணாடிக்குள் வேறொருவனைக் கண்டு மிரட்டின. மாமாவின் மோட்டார் சைக்கிளைக் கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும். ஆக, எங்கள் குரங்கு பரீட்சையில் பெயில். தலையின் நடுவில் வட்டமாக வாரிவிட்டாற்போல் மயிர் படிந்த, இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத இந்த இனம், புத்தி போதாதென்று உரிமை வேலிக்கு வெளியே. புத்தி கூடிவிட்டதென்று தோட்ட வேலிக்கும் வெளியே.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் பொலன்னறுவையில் நிற்கும். சின்ன வயதில் அந்த ஸ்ரேசனில் நான் பார்த்ததெல்லாம் அவித்த சோளன் விற்கிறவர்களைத்தான். அங்கே, இடிந்த அரண்மனைகளுக்கு நடுவில், வொல்ஃப்காங் டிட்டுஸ் என்ற ஆய்வாளர் 1968இலிருந்து இதே குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நாற்பது வயதில்தான் தெரியவந்தது. ஒவ்வொன்றையும் முகத்தால் அடையாளம் கண்டு, தாய் யார், மகள் யார், பேத்தி யார் என்று தலைமுறை தலைமுறையாகக் குறித்தார்கள். தாயின் படிநிலை மகளுக்கு வரும், ஆண்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். தாய்வழிக் குடியில் பெண்ணுக்கு வீடு வளவு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு வரவழைக்கிற எங்கள் பக்கத்து ஆளுக்கு இதை வாசிக்கும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வராமல் இருக்காது. நிறையச் சாப்பாடு கண்ட குரங்கு எழுப்புகிற ஒரு தனிக் குரல் மற்றவைக்குச் செய்தி சொல்கிறது என்று டிட்டுஸ் 1984இல் எழுதினார். அந்தக் குரலை மாமாவும் அறிவார். அது கேட்டால் பலா பழுத்துவிட்டது என்று எழும்பி ஓடுவார். இன்னொன்றும் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு எங்கள் கரையில் ஏறின சூறாவளியைப் பற்றி எங்கள் வீட்டில் எத்தனையோ கதை. ஓடு பறந்தது, வாவி ரோட்டுக்கு வந்தது, விடிய எழும்பிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு தென்னை நிற்கவில்லை. அந்தக் காற்று எங்களோடு முடிந்துவிட்டதென்றே நினைத்திருந்தேன். அது உள்நாட்டுக்குப் போய்ப் பொலன்னறுவைக் காட்டையும் முறித்துப் போட்டது. முறிந்த மரங்களைப் பற்றி டிட்டுஸ் பிறகு ஒரு கட்டுரையே எழுதினார். எங்கள் அம்மம்மா கட்டிலுக்குக் கீழே பிள்ளைகளைப் போட்டுப் படுத்திருந்த அதே இரவில், ஐம்பது அறுபது மைலுக்கு அப்பால் ஒரு குரங்குத் தாய் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது சிலவேளை நினைக்கிறேன். நினைத்து என்ன செய்வதென்று தெரிவதில்லை.

அந்தக் குரங்குகளைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் முள் குத்தியது. உதட்டைச் சப்புவது இந்த வகைக் குரங்குகளிடையே சமாதானக் குறி. தாய் குட்டிக்குச் செய்யும், பேன் பார்க்க வருகிற ஒன்று மற்றதுக்குச் செய்யும். நான் உன்னை ஒன்றும் செய்யமாட்டேன், நீயும் என்னை ஒன்றும் செய்யாதே என்பதற்குப் பக்கத்தில் வருகிற ஏதோ ஒன்று. கண்ணை விலக்குவதும் அப்படியே, நேரே முறைப்பது சண்டைக்கு அழைப்பு. கூட்டுக்குள் இருந்தது தனக்குத் தெரிந்த ஒரே மரியாதை மொழியில் எங்களோடு பேசியிருக்கிறது. நாங்கள் அதைப் பழிப்பென்று எடுத்துக்கொண்டு சிரித்தோம். அதைவிடக் கேவலம், சிரித்தபோது எங்கள் மூவர் வாயிலும் பல் தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் பல்லைக் காட்டுவது அவர்கள் மொழியில் பணிவு, பயம். சிம்பன்சியிலும் அப்படித்தான், வாழ்த்து அட்டைகளில் சிரிக்கிற சிம்பன்சி பெரும்பாலும் பயந்த சிம்பன்சி. அந்தக் குரங்கு எங்கள் சிரிப்பைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்? இவர்கள் கூட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்றா?

‘பல்லிளித்தல்’ என்ற சொல் எங்களிடம் உண்டு. சிரிப்பு அல்லாத சிரிப்பு, மேலே உள்ளவனுக்குக் கீழே உள்ளவன் காட்டுவது. தமிழ் இதைக் குரங்கைப் பார்த்துக் கற்றதா, மனிதனைப் பார்த்தா தெரியவில்லை. எனக்கு அந்தச் சொல்லோடு வலையிறவுப் பாலம் ஞாபகம் வரும். யுத்த காலத்தில் வவுணதீவுப் பக்கம் இருந்து வருகிறவர்கள் அங்கே இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். சீருடைக்காரன் அட்டையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், மறுபடி அட்டை. அந்த நேரம் முகத்தை எப்படி வைத்திருப்பதென்று யாரும் சொல்லித் தருவதில்லை, அது தானாகவே இளிக்கும். எனக்கு முன்னால் நின்ற ஒருவரிடம் ஒருநாள், என்ன சிரிப்பு என்று அவன் உடைந்த தமிழில் கேட்டான். அவர் இன்னும் கூடச் சிரித்தார். நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, விட்டுவிட்டார்கள். கூட்டுக்கு முன்னால் நின்றபோது இது எனக்கு ஞாபகம் வரவில்லை, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

புத்தி உள்ளதென்று நிரூபித்தால் காப்பாற்றலாம் என்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இராமாயணத்து வாலியை. வால்மீகியின் இராமன் மறைந்து நின்று எய்ததற்குச் சொல்கிற காரணங்களில் ஒன்று, நீ ஒரு வானரம், மிருகத்தை மனிதர் மறைந்திருந்தும் வேட்டையாடுவார்கள் என்பது. அதே இராமன் அதே பேச்சில், தம்பி மனைவியை எடுத்துக்கொண்டாய், அறம் தவறினாய் என்றும் சொல்கிறான். மிருகமென்றால் அறம் ஏன், அறமென்றால் வேட்டை ஏன்? கம்பனுக்கு இந்த முடிச்சு உறுத்தியிருக்கவேண்டும். அவன் வேட்டை வாதத்தை விட்டுவிடுகிறான். அவனுடைய வாலி, மனிதருக்கு உள்ள மண நெறி எங்களுக்கு விதிக்கப்படவில்லை, நாங்கள் குரங்குகள் என்கிறான். இராமன் அதை ஏற்கவில்லை. உடம்பு எதுவானால் என்ன, நல்லது கெட்டது தெரிந்த உனக்கு விலங்கென்று தப்ப வழியில்லை என்கிறான். அழகான வாதம், பெருந்தன்மையான வாதம்கூட. ஒரு குரங்குக்கு முழு மனத் தகுதியையும் ஒருவன் ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொள்ளும்போது அந்தக் குரங்கின் நெஞ்சில் அம்பு இருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் எங்கள் பக்கத்துக் கூத்து மரபை எடுத்துப் பேராதனையில் மேடையேற்றியபோது, இராவணேசனோடு வாலிவதையும் போட்டார். நான் பார்க்கக் கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் வாலி விழுகிற இடத்தில் மத்தளம் எப்படி நின்றது என்று சொன்னால் கேட்க ஆசை. மாமாவின் “எல்லாம் தெரிஞ்சுதான்” என்பது கம்பராமன் வாக்கின் தோட்டத்துப் பிரதி என்று எனக்குத் தோன்றிய நாளிலிருந்து அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டேன். பக்கத்தில் கம்பன் நிற்கிற மனிதரோடு நான் எங்கே வாதாடுவது.

அரசாங்கத்துக்கு இந்த மனச் சங்கடமெல்லாம் இல்லை, அதற்குத் தொகை போதும். 2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர, சீனாவுக்கு ஒரு லட்சம் குரங்கு அனுப்பும் யோசனையைச் சொன்னார். மிருகக்காட்சிச்சாலைகளுக்காம். படுவான்கரைத் தேத்தண்ணிக்கடைகளில் அந்த வாரம் நல்ல கலகலப்பு, ஒருவர் கூலி வாங்காமல் பிடித்துக்கொடுப்பதாகச் சொன்னார். கொழும்பில் சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. அந்த வருடம் நடுப்பகுதியில் திட்டம் கைவிடப்பட்டது. வழக்குப் போட்டவர்களின் பக்கம்தான் நான், ஆனாலும் அவர்கள் யாருடைய வளவிலும் குரும்பை விழவில்லை என்று மாமா சொன்னபோது மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டதென்று அமைச்சர் சொன்னார். கல்லடியில் மின்விசிறி நின்று, வேர்த்து விறுவிறுத்து, வாவிக் காற்றுக்காகப் பாலத்தடிக்கு வந்து நின்ற சனம் முழுவதும் அந்த ஒற்றைக் குரங்கைப் பற்றியே கதைத்தது. அதனிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

கூட்டுக்குள் இருந்தது ஒரு தாய். அதை அடுத்த நாள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போய், மேற்கே ஒரு காட்டோரம் விட்டோம். கொல்லவில்லை என்பதில் மாமாவுக்குப் பெருமை. நானும் கூடப் போனேன், கூட்டின் கதவைத் தூக்கியது என் கைதான். அது இறங்கி ஓடி, ஒரு பாலை மரத்தில் பாதி ஏறி, திரும்பிப் பார்க்காமல் மறைந்தது. தாய்வழி உறவோடு வாழ்கிற ஒன்றை உறவில்லாத காட்டில் விடுவது விடுதலையா என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வேறு என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அந்தக் காட்டுக்கு அங்கால் இன்னொரு ஊர், இன்னொரு ஆளின் கச்சான் தோட்டம் தெரிந்தது. வருகிற வழியில் பெட்டிக்குள் வெறுங்கூடு குலுங்கிக்கொண்டே வந்தது. அதில் மூத்திர நெடி.

2025 மார்ச் 15, சனிக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, அவரவர் வளவில் நிற்கிற குரங்கு, மந்தி, மயில், பெரிய அணில் எல்லாவற்றையும் எண்ணி எழுதச் சொல்லி நாடு முழுக்கத் தாள் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம். முதல் பாதையிலேயே நான் மண்டூருக்குப் போய்விட்டேன். மாமா குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சாறம் உடுத்துத் திண்ணையில் இருந்தார், வாக்குப் போடப் போகிறவர்போல. எட்டு மணி. ஒன்றும் வரவில்லை. ஒரு காகம் கிணற்றுக்கட்டில் வந்திருந்து தண்ணீர் குடித்துப் போனது. எட்டு ஐந்து. நான் பேனையை எடுத்துப் பூச்சியம் போடப் போனேன். “விசரே உனக்கு? அதுகள் இல்லாமலே போயிட்டுது?” என்று தாளைப் பறித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். நொண்டிக் கடுவன். அவன்ட கூட்டாளி, காது கிழிஞ்சவன். கிழவி. கிழவியின் மூத்தவள், அவளுக்கு ரெண்டு. இளையவள், வெள்ளை மூஞ்சி, இந்த மாரிக்குத்தான் குட்டி போட்டவள். கிணத்தடிக்கு மட்டும் வாற அந்தப் பயந்தாங்கொள்ளி. தகரத்தில் வழுக்கி விழுந்து வால் முறிந்தது. நான் விரலால் எண்ணிக்கொண்டே வந்தேன். எந்தப் பேரும் இரண்டு தரம் வரவில்லை. எந்த இடத்திலும் அவர் தடுமாறவில்லை. தாளில் பேருக்கு இடமில்லை, ஒரு சின்னச் சதுரம்தான், அதற்குள் முப்பத்திரண்டு என்று எழுதினேன். மாமா கையெழுத்துப் போட்டார். தாளை மடிக்கும்போது அவர் கை நின்றது. கொஞ்ச நேரம் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாம கொண்டுபோய் விட்டவள், அவளையும் சேர்த்துச் சொல்லிப்போட்டன்” என்றார். “ஒண்டக் குறை, மனே.”